கழுகை எண்ணுவதற்கு அரசு ஏன் காசு கொடுக்க வேண்டும்? - ஒரு வலி மாத்திரை சொல்லும் கணக்கு | நம்ம வரிப்பணம் - 11

'கழுகுகள் கணக்கெடுப்பு தொடங்கியது', 'வரையாடு கணக்கெடுப்புக்கு நிதி ஒதுக்கீடு'... இப்படி ஒரு செய்தி வந்தால் போதும். பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்துவிடும். "அரசு ஆஸ்பத்திரியில பெட் கிடைக்கல, ஸ்கூல்ல வாத்தியார் இல்ல. இதுல கழுகை எண்ணுறதுக்குக் காசா?"

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதாமாதம் வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும். அரிசி, பால், ஸ்கூல் ஃபீஸ், இ.எம்.ஐ எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் மற்றதெல்லாம். அரசுக்கும் அதே கணக்குதானே? பாலம் கட்டினால் கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடம் கட்டினால் பிள்ளைகள் படிக்கிறார்கள். பறவையை எண்ணினால் என்ன கிடைக்கும்? யாரோ ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில் நாலு எண்கள் ஏறும்.

அந்த நாலு எண்களின் விலை என்ன என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். அதற்குக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். நம் வீட்டு மருந்து டப்பாவிலிருந்தே தொடங்கலாம்.

மாட்டுக்குப் போன மருந்து

டைக்ளோஃபினாக். மூட்டுவலி, இடுப்புப் பிடிப்பு என்று டாக்டரிடம் போனால் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று. மாத்திரை, ஊசி, தேய்க்கும் ஜெல் என்று பல வடிவங்களில் இருக்கிறது. மனிதர்களுக்கு இது இன்றைக்கும் பயன்பாட்டில் உள்ள மருந்துதான். டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

1990-களில் இந்த மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்தது. பல நிறுவனங்கள் தயாரிக்க ஆரம்பித்தன, விலை சரிந்தது. விலை சரிந்ததும் மாட்டு வைத்தியத்துக்கும் வந்தது. கால் வீங்கி நொண்டும் மாடு, காய்ச்சலில் தீனி எடுக்காத எருமை... ஒரு ஊசி போட்டால் எழுந்து நிற்கும். மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. இதில் யாருடைய தப்பும் இல்லை.

ஆனால், ஊசி போட்ட எல்லா மாடும் பிழைப்பதில்லை. நாட்டின் பல பகுதிகளில் இறந்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டு, மிச்சத்தை ஊருக்கு வெளியே போட்டுவிடுவதுதான் வழக்கம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 53 கோடிக்கும் அதிகமான கால்நடைகள் உள்ளன. இத்தனை உயிர்களின் சடலங்களை அப்புறப்படுத்த நாம் எந்தத் துறையையும் உருவாக்கியதில்லை. காரணம், அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்ய ஒரு கூட்டம் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பாறுகள். 'பிணந்தின்னிக் கழுகு' என்று நாம் முகம் சுளித்துச் சொல்லும் பறவைக்குத் தமிழில் உள்ள பழைய பெயர் இதுதான். திருக்கழுக்குன்றம் மலைக்கு நண்பகலில் பிரசாதம் சாப்பிட வந்த இரண்டு 'கழுகு'களை நம் தாத்தா பாட்டிகள் கும்பிட்டிருக்கிறார்கள் அல்லவா... அவையும் மஞ்சள்முகப் பாறு என்ற வகைதான். 1990-களுக்குப் பிறகு அந்த மலைக்கு அவை வருவதில்லை.

செத்துப்போன ஒரு மாட்டை, கூட்டமாக இறங்கும் பாறுகள் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடாக்கிவிடும். நம்மைக் கொல்லக்கூடிய பல கிருமிகள் அவற்றின் வயிற்று அமிலத்தில் செத்துப்போகும். ஆனால், டைக்ளோஃபினாக்கைத் தாங்கும் சக்தி அவற்றின் சிறுநீரகத்துக்கு இல்லை. மருந்து போடப்பட்டு ஓரிரு நாளில் இறந்த மாட்டைத் தின்றால், பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் வெளியேற முடியாமல், உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும். சில நாள்களில் பறவை செத்துவிடும்.

எல்லா மாட்டிலும் மருந்து இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாறுகள் தின்னும் சடலங்களில் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவான எண்ணிக்கையில் இந்த மருந்து இருந்தாலே, நாம் பார்த்த அழிவுக்குப் போதும் என்று பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

'நிறைய இருந்துச்சு' என்பது கணக்கு அல்ல

இதெல்லாம் இன்றைக்கு நமக்குத் தெரியும். 1990-களில் ஒருவருக்கும் தெரியாது. பாறுகள் குறைகின்றன என்பதே எப்படித் தெரியவந்தது?

ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே 1980 முதல் 1990 வரை பத்து ஆண்டுகள், மும்பையைச் சேர்ந்த பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கம் (பி.என்.ஹெச்.எஸ்) ஒரு சூழலியல் ஆய்வை நடத்தியது. நம் மத்திய அரசும், அமெரிக்க அரசின் மீன் மற்றும் வனவிலங்குத் துறையும் அதற்கு ஆதரவளித்தன. தண்ணீர் எவ்வளவு, புல் எவ்வளவு, எந்தப் பறவை எத்தனை என்று வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆய்வாளர்களில் ஒருவர் விபு பிரகாஷ். கழுகு இனங்கள்தான் அவருடைய பாடம்.

80-களில் அவர் அந்தப் பூங்காவில் எண்ணிய வெண்முதுகுப் பாறு கூடுகள் 353. அப்போது கேட்டிருந்தால், 'இதை எண்ணி என்ன செய்யப்போகிறீர்கள்?' என்ற கேள்விக்கு அவரிடம் பெரிய பதில் இருந்திருக்காது. பாறு என்பது காக்கை மாதிரி எங்கும் இருந்த பறவை. இந்தியாவில் மொத்தம் 4 கோடி இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இவ்வளவு சாதாரணமான பறவையை யார் எண்ணுவார்கள்?

1996-ல் மறுபடி எண்ணியபோது கூடுகள் சுமார் 150-ஆகக் குறைந்திருந்தன. கிளைகளில் கழுத்து தொங்கிய பறவைகள்; மரத்தடியில் செத்துக் கிடந்தவை. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பூங்காவில் கூடுகளே இல்லாமல் போயின.

இது பரத்பூரில் மட்டும்தானா, நாடு முழுக்கவா? அதைச் சொல்லவும் ஒரு பழைய நோட்டு கைகொடுத்தது. 90-களின் தொடக்கத்தில் வட இந்தியா முழுக்கச் சாலைகளில் வண்டியில் மெதுவாகப் போய்க் கழுகுகளை எண்ணி வைத்திருந்தார்கள். 2000-ல் அதே வழித்தடங்களில், அதே முறையில் மறுபடி எண்ணினார்கள். பாறுகள் 90 சதவிகிதத்துக்கும் மேல் காணாமல்போயிருந்தன. 2007-ல் எண்ணியபோது, வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவிகிதம் இல்லை. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

முதல் தடவை எண்ணியிருக்காவிட்டால், இந்த 99.9 என்ற எண்ணே கிடையாது. "எங்க சின்ன வயசுல நிறைய இருந்துச்சு" என்று பெரியவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், 'நிறைய' என்பதை வைத்து விகிதம் போட முடியாது. நீதிமன்றத்திலும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் மேஜையிலும் அது நிற்காது.

குற்றவாளியைப் பிடித்தது யார்?

முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது ஒரு வைரஸை. பல ஆண்டுகள் அதைத் தேடினார்கள். 2004-ல்தான், பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் செத்த பாறுகளை ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் குழு, டைக்ளோஃபினாக்தான் காரணம் என்று நிரூபித்தது. அந்தக் குழுவை முன்னின்று நடத்தியது பெரக்ரைன் ஃபண்ட் என்ற தன்னார்வ அமைப்பு. ஆக, எல்லாக் கண்டுபிடிப்பும் அரசுப் பணத்தில்தான் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. தனியார் நன்கொடைக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு இருக்கிறது.

ஆனால், குற்றவாளியைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. விவசாயியிடம் போய் 'இந்த ஊசியைப் போடாதே' என்றால், 'அப்ப எதைப் போடறது?' என்று கேட்பார் அல்லவா? பாறுகளைக் கொல்லாத, அதேசமயம் மாட்டுக்கு வேலை செய்கிற இன்னொரு மருந்து வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சோதனைகள் நடந்தன. மெலாக்சிகாம் பாதுகாப்பானது என்று 2006-ல் முடிவு வந்தது. இந்தியச் சோதனைகளைச் செய்ததில் முக்கியமான நிறுவனம், உத்தரப்பிரதேசத்தின் இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். முழுக்க முழுக்க மத்திய அரசு நிறுவனம். அதே 2006 மே மாதம், கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை மத்திய அரசு தடை செய்தது.

நோயுற்ற பாறுகளை வைத்துக் காரணத்தை ஆராய, ஹரியானாவின் பிஞ்சோரில் 2001-ல் ஒரு மையம் தொடங்கப்பட்டது. நிலம் ஹரியானா வனத்துறை தந்தது. பணம் பிரிட்டிஷ் அரசின் டார்வின் இனிஷியேட்டிவ் திட்டத்திலிருந்து வந்தது. இன்று அது பாறுகளை இனப்பெருக்கம் செய்யும் மையமாக வளர்ந்திருக்கிறது. ஒரு ஜோடிப் பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து, அது முட்டையிட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். ஓரிரு பட்ஜெட்டில் முடிகிற வேலை இல்லை இது.

பில் வந்தது நம் பெயருக்கு

சரி, பாறு போனால் நமக்கு என்ன?

துப்புரவுப் பணியாளர்கள் ஒரே நாளில் மொத்தமாக நின்றுபோனால் ஊர் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. சடலங்கள் நாள்கணக்கில் அழுகின. ஆற்றிலும் குளத்திலும் கலந்தன. பாறுகள் தின்றுகொண்டிருந்ததைத் தெருநாய்களும் எலிகளும் தின்ன ஆரம்பித்தன. நாய்கள் பெருகின, கூடவே வெறிநாய்க்கடியும்.

இதற்கு ஒரு விலை போட முடியுமா? முயன்று பார்த்தார்கள் இரண்டு பொருளாதார அறிஞர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இயால் ஃபிராங்க், பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன். முன்பு பாறுகள் நிறைய வாழ்ந்திருக்கக்கூடிய மாவட்டங்களையும், அவை வாழ ஏற்றதாக இல்லாத மாவட்டங்களையும் பிரித்துக்கொண்டார்கள். மருந்து பரவுவதற்கு முன்பும் பின்பும் இரண்டு இடங்களிலும் மனித இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று ஒப்பிட்டார்கள். 2024-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழுக்காக ஏற்கப்பட்ட அந்த ஆய்வின் முடிவு இதுதான்: பாறுகள் இருந்த மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவிகிதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. 2000 முதல் 2005 வரை கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். இந்த உயிரிழப்புக்கு அவர்கள் போட்ட பொருளாதார மதிப்பு, ஆண்டுக்கு 6,940 கோடி டாலர். இன்றைய ரூபாயில் ஐந்தரை லட்சம் கோடிக்கும் மேல்.

இது மதிப்பீடுதான். ஒருவரின் மரணச் சான்றிதழில் 'பாறு இல்லாததால் இறந்தார்' என்று எழுதமாட்டார்கள். ஆனால், இந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்குதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், பறவையை எண்ணுவதற்கு ஆன செலவு அதன் பக்கத்தில் நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த மாவட்டங்களில் பாறுகள் வாழ்ந்திருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? பறவை ஆய்வாளர்கள் பல ஆண்டு உழைப்பில் உருவாக்கிய வாழிட வரைபடங்களிலிருந்துதான். நாலு எண்களை எழுதி வைத்த அந்த நோட்டுப் புத்தகம் இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

கடையில் விற்காத சரக்கு

மருந்து விற்று லாபம் பார்த்தவர்கள் இந்த ஆராய்ச்சிக்குச் செலவு செய்திருக்கலாமே என்று தோன்றும். செய்யமாட்டார்கள். அது கெட்ட எண்ணத்தால் அல்ல. வியாபாரக் கணக்கே அப்படித்தான். மெலாக்சிகாம் பாறுகளுக்கு நல்லது என்று ஒரு நிறுவனம் தன் காசில் நிரூபித்தால், அந்த அறிவு மறுநாளே எல்லாப் போட்டியாளர்களுக்கும் இலவசமாகக் கிடைத்துவிடும். போட்ட காசு திரும்பாது. 'எங்கள் மருந்து பறவையைக் கொல்கிறது' என்று தானே கண்டுபிடித்து அறிவிக்க எந்த நிறுவனத்துக்கும் ஆசை இருக்காது.

இதைத்தான் பொருளாதாரத்தில் 'பொதுநன்மைப் பொருள்' என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. ஊர்க் கண்மாயைத் தூர்வாரினால் தண்ணீர் எல்லார் வயலுக்கும்தான் போகும். தூர்வாரியவருக்கு மட்டும் போகாது. தனி ஆளாக யாரும் செய்யமாட்டார்கள் என்பதால்தான், வீட்டுக்கு ஓர் ஆள் என்று குடிமராமத்து வைத்தார்கள் நம் முன்னோர். பறவையை எண்ணுவதும், ஆற்று நீரை மாதாமாதம் சோதிப்பதும், பூச்சிகளுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்துவதும் அறிவுக்கான குடிமராமத்து. பலன் எல்லாருக்கும். அதனால் செலவும் எல்லாருடையதாக, அதாவது வரிப்பணமாகத்தான் இருக்க முடியும்.

ஒரு வருஷம் விட்டால் என்ன?

நிதி நெருக்கடியான வருடத்தில் மட்டும் இதை நிறுத்திவைக்கலாமே? இதற்குப் பதில் ஹவாய்த் தீவில் இருக்கிறது.

அங்குள்ள மௌனா லோவா எரிமலைச் சரிவில், காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு இருக்கிறது என்று 1958 முதல் அளந்துவருகிறார்கள். தொடங்கியவர் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற விஞ்ஞானி. பூமி சூடாவதற்கு நாம்தான் காரணம் என்பதற்கான அடிப்படை ஆதாரங்களில் அவர் வரைந்த ஏறுமுகக் கோடும் ஒன்று. அந்தக் கோட்டில் 1964-ல் மட்டும் சில மாதங்களுக்கு ஓர் இடைவெளி இருக்கும். கருவி கெட்டுப்போகவில்லை, அரசு நிதியை வெட்டியதால் அளவீடு நின்றது. அந்த மாதங்களின் காற்றை இனி யாரும், எவ்வளவு பணம் கொட்டினாலும், அளக்க முடியாது.

பாலம் கட்டுவதை ஒரு வருடம் தள்ளிவைத்தால், அடுத்த வருடம் கட்டலாம். எண்ணாமல் விட்ட வருடத்தை அடுத்த வருடம் எண்ண முடியாது.

இப்போது பணம் எங்கே இருக்கிறது?

இந்தியா ஆராய்ச்சிக்காகச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவிகிதம் (2020-21). எல்லா வகை அறிவியலும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்ற அமைப்பைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்பது திட்டம். அதில் மத்திய அரசின் பங்கு 14,000 கோடி. மீதமுள்ள 36,000 கோடி தொழில்துறை, நன்கொடையாளர்கள் போன்ற அரசுக்கு வெளியே உள்ள வழிகளில் வர வேண்டும். 2025 ஜூலையில், ஆராய்ச்சி, மேம்பாடு மற்றும் புத்தாக்கத்துக்கென்று 1 லட்சம் கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு நீண்ட காலக் கடனாக, குறைந்த வட்டியிலோ வட்டியே இல்லாமலோ பணம் தருவதுதான் அதன் முக்கிய நோக்கம்.

இரண்டுமே தேவையானவை. சிப் தயாரிப்பும் பேட்டரியும் இங்கேயே வளர வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால், ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடன் வாங்குகிறவர் திருப்பிக் கட்ட வேண்டும். சந்தைக்கு வரும் பொருள் என்றால் கட்டிவிடலாம். பரத்பூரில் கூடு எண்ணுகிறவர் எதை விற்றுக் கடனை அடைப்பார்? நன்கொடை தரும் நிறுவனமும், தன் பெயர்ப் பலகையை மாட்டக்கூடிய கட்டடத்துக்குத்தான் முதலில் கை நீட்டும். ஆராய்ச்சிக்கான பணம் இந்தப் பக்கமாகவே நகர்ந்துகொண்டு போனால், விற்க முடியாத அறிவு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும்.

அரசுப் பணம் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தும் பாறுகளைக் கொல்லும் என்பது 2010 வாக்கிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது என்று 2016-ல் நிரூபித்தார்கள். இவை இரண்டையும் கால்நடைகளுக்குத் தரத் தடை வந்தது 2023 ஜூலையில்தான். நிமெசுலைடுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆனது. ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்துவிட்டு, வந்த முடிவை அலமாரியில் வைத்துப் பூட்டினால், கொடுத்த காசும் வீண்தான்.

நம் ஊரில்...

தென்னிந்தியாவில் பாறுகள் கணிசமாக மிஞ்சியிருக்கும் முக்கிய இடம், நீலகிரியின் அடிவாரத்தில் மாயாறு பாயும் பள்ளத்தாக்கும் அதையொட்டிய முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு காடுகளும்தான். வெண்முதுகு, கருங்கழுத்து, செம்முகம், மஞ்சள்முகம் என்று நான்கு வகைப் பாறுகளும் இங்கே உண்டு. 2022-ல் தமிழக அரசு மாநில அளவில் பாறு பாதுகாப்புக் குழுவை அமைத்தது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நேரத்தில் எண்ணின. 2023 பிப்ரவரியில் 246. அதே ஆண்டு டிசம்பரில் 320.

பத்து மாதத்தில் 74 பாறுகள் பிறந்துவிட்டன என்று இதற்கு அர்த்தமில்லை. எண்ணிய இடங்களும் பருவமும் எண்ணிக்கையை மாற்றும். உண்மையிலேயே கூடுகிறதா என்று தெரிய, அதே இடங்களில், அதே முறையில், பத்துப் பதினைந்து வருடங்கள் விடாமல் எண்ண வேண்டும். அவ்வளவுதான் தேவை. ஆனால், அதுதான் கஷ்டமும்.

நம்மால் முடியாதது இல்லை இது. மாநில விலங்கான நீலகிரி வரையாட்டுக்கென 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தமிழக அரசு நடத்துகிறது. 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், 2025-ல் 1,303. இனி வரும் ஒவ்வொரு ஆண்டையும் ஒப்பிட நமக்கு ஓர் அடிப்படை கிடைத்துவிட்டது. அழகான வரையாட்டுக்குக் கிடைத்த இந்தக் கவனம், மொட்டைக் கழுத்துப் பாறுக்கும், பெயர்கூட வைக்கப்படாத தவளைக்கும், சாண வண்டுக்கும் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

கோவை ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கப்பட்ட சலீம் அலி பறவையியல் மையம், 2023-ல் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. தெற்கில் பறவைகளுக்கென்றே இருந்த மத்திய அரசு ஆய்வு மையம் அது. பெயர்ப் பலகை மாறுவது பெரிய விஷயமல்ல. அங்கே முப்பதாண்டுகளாகச் சேர்ந்த பதிவுகளும், அவற்றைத் தொடரும் ஆய்வாளர்களும் குறையாமல் இருக்கிறார்களா என்பதைத்தான் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

நாம் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை 'ஆராய்ச்சிக்கு இத்தனை கோடி' என்று பட்ஜெட் செய்தி வந்தால், தொகையைப் பார்த்துக் கைதட்டுவதற்கோ திட்டுவதற்கோ முன்பு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, எத்தனை ஆண்டுகளுக்கு? மூன்றாண்டுத் திட்டத்தில், ஐந்து வயதில் முட்டையிடும் பறவையைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

இரண்டு, எண்ணியது எல்லார் பார்வைக்கும் வருமா? நம் காசில் எடுத்த கணக்கு, நம் ஊர்க் கல்லூரி மாணவி எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

மூன்று, ஆபத்து என்று முடிவு வந்தால், யார், எத்தனை மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்? அதற்குக் கெடு வைக்கவில்லை என்றால் கீட்டோபுரோஃபென் கதைதான்.

வீட்டில் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. மாட்டுக்கு வலி ஊசி போட வருகிறவரிடம், 'என்ன மருந்துங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபெனாமிக் அமிலம் என்றால் நல்லது. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசியைப் பெரிய குப்பிகளில் வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கத்தைத் தடுக்கத்தான், 2015-ல் அதை 3 மில்லி சிறு குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்கு போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்து, உத்தரவு செல்லும் என்றது.

அந்த வழக்கில் பாறுகளின் பக்கம் பேசக் கையில் எண்கள் இருந்தன. யாரோ ஒருவர், 'இதை எண்ணி என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று கேட்டவர்களுக்கு நடுவில், எண்ணி எழுதி வைத்த எண்கள்.

*(அடுத்த வாரம்: உங்கள் ஊர் மழையை அளப்பது யார்? மழைமானிகளின் கணக்கு!)*